பதினோராண்டு அறுவடை

"இன்னொரு தடவை. ஆண்டவர் உங்களுக்கு யார்?" என்று கேட்டார் போதகர்.

கொத்தனார் சம்மணமிட்டு, பாடம் ஒப்பிக்கும் பிள்ளையைப்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார். போதகர் நடத்திவந்த மருந்தகத்தின் பின்னறையில், ஜெப நூல்கள் அடுக்கிய அலமாரியின் கீழே, விடிந்ததிலிருந்து இதுவே நடந்துகொண்டிருந்தது.

"யாருமில்லைங்க."

"அவரை நம்புறீங்களா?"

"நம்பலைங்க."

போதகர் கண்களை மூடிக்கொண்டார். தம் வாயால் கற்பித்ததைத் தம் செவியால் கேட்க அவருக்குப் பெலன் போதவில்லை.

முந்தின நாள்தான் இருவருக்கும் விசாரணைக்கு அழைப்பாணை வந்திருந்தது. மதம் மாறியவனுக்கு அந்த நாட்டில் ஏழாண்டுச் சிறை, மாற்றியவருக்கு நாடுகடத்தல். தம் தலையோடு போவதாயிருந்தால் போதகர் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லிவிட்டுப் பெட்டியைக் கட்டியிருப்பார். ஆனால் அவர் ஒப்புக்கொண்டால் உள்ளே போவது கொத்தனார். அவருக்கு வீட்டில் மனைவியும் இரண்டு பெண்மக்களும் இருந்தார்கள்.

கடல் கடந்து வந்து பதினோராண்டு. எத்தனையோ புண்களைக் கழுவிக் கட்டியும், தாய்ச்சபைக்கு அவர் எழுதும் அறிக்கைகளில் ஆண்டவரிடம் சேர்ந்த ஆத்துமா இந்த ஒன்றுதான். அதுவும் ஒன்பதாம் ஆண்டில், மனைவியைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு, ஏழு நாள் உண்ணாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தபோது கிடைத்தது. அவளுக்குக் கல்லறை கட்டி முடித்த கையோடு கொத்தனார் வாசலில் வந்து நின்று, "எந்திரிங்கய்யா. எனக்கு ஞானஸ்நானம் கொடுங்க" என்றார்.

போதகர் எழுந்தார். மண்ணுக்குள் போனவள் விதையாய் முளைத்துத் தந்த கதிர் இது என்றே அன்றுமுதல் எண்ணிவந்தார்.

"விசுவாசப் பிரமாணத்துல நாலு வரி வர்றதுக்கு ஒரு வருஷம் ஆச்சு உங்களுக்கு. இது ஒரே காலையில வந்திடுச்சே" என்றார், சிரிக்க முயன்று.

"அது நீளம்ங்கய்யா. இது சின்னதுதானே."

விசாரணை அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் ஓர் எழுத்தர். மேசைக் கண்ணாடியின் அடியில் பழுத்துப்போன சீட்டுகள் கிடந்தன. அதிகாரி முத்திரைக் கட்டையை மைத்திண்டில் ஒத்தி ஒத்தி எடுத்துக்கொண்டே கொத்தனாரை ஏறிட்டுப் பார்த்தார்.

"யோவ் சுண்ணாம்பு, இப்படி வா. நீ இவரோட சாமியைக் கும்பிடறியாமே?"

"இல்லைங்க."

"மதம் மாறிட்டியா?"

"மாறலைங்க."

"அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆனா அங்க என்னய்யா வேலை? வாராவாரம் சுவர் பேந்துக்குதா?"

எழுத்தர் சிரித்தார். இந்தக் கேள்விக்குப் போதகர் பதில் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

கொத்தனார் சற்றும் தயங்கவில்லை. "அம்மா போனதுலேர்ந்து ஐயா தனியா உக்காந்து பாடுறாருங்க. கேக்க ஒரு ஆளாவது வேணாமா?"

அதிகாரி முத்திரைக் கட்டையைக் கீழே வைத்தார். "வாயால சொன்னா பத்தாது. பிள்ளைங்க எத்தனை?"

"ரெண்டு பொண்ணுங்க."

"அதுங்க மேல சத்தியம் பண்ணு."

போதகர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வேண்டாம் என்னும் சொல் நாவின் நுனிவரை வந்து நின்றது. அதற்குள் கொத்தனார், சுண்ணாம்பு அரித்து வெளிறிய வலக்கையை நீட்டியிருந்தார்.

"என் ரெண்டு பொண்ணுங்க மேல சத்தியமா, நான் அந்தச் சாமியை நம்பலைங்க."

காகிதத்தின்மேல் முத்திரை விழுந்தது. "போங்க. ரெண்டு பேரும் போங்க."

வெளியே உச்சிவெயில். படியிறங்கி வந்த போதகர் கடைசிப் படியில் அமர்ந்து, கொத்தனாரின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிடுங்க. உங்களை ஜெயில்லேர்ந்து காப்பாத்தறேன்னு உங்க ஆத்துமாவைக் கெடுத்துட்டேன். பெத்த பிள்ளைங்க மேலேயே பொய்ச் சத்தியம்... அந்தச் சாபம் என் தலைமேல விழட்டும்."

"எந்திரிங்கய்யா. போறவங்க வர்றவங்க பார்க்கறாங்க."

"உதடுதான் மறுதலிச்சது, உள்ளம் இல்லைன்னு ஆண்டவருக்குத் தெரியும். ரெண்டு பேருமா மன்னிப்புக் கேப்போம். வாங்க, இங்கேயே முழங்கால் போடலாம்."

கொத்தனார் முழங்காலிடவில்லை. அருகில் குந்தி உட்கார்ந்து, போதகரின் அங்கியில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார். பிறகு, தேறாத நோயாளியிடம் பேசுவதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கய்யா. நான் பொய்ச் சத்தியம் பண்ணலை."