எண்ணெய் வைத்த நாள்

கிண்ணத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறார். அவள் வாங்கவில்லை.

நல்லெண்ணெய். மிளகும் சீரகமும் போட்டுப் பதமாகக் காய்ச்சியது. வெள்ளிக்கிழமை என்றால் அடுப்பில் பால் ஏறுவதற்கு முன்னால் எண்ணெய் ஏறிவிடும். அவள் கணவர் பூவலிங்கம் இந்த ஒரு வேலையில் மட்டும் தவறியதே இல்லை. கரண்ட் பில் மறக்கும். மனைவியின் தலைக்கு எண்ணெய் மறக்காது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டு வருஷமாக எண்ணெய். எண்ணெயும் வெந்தயமும் பார்லித் தண்ணீரும் இளநீரும்.

மாதவிலக்கு நின்ற மறுவருஷம் அது தொடங்கியது. ஸ்கூட்டியில் உட்கார்ந்தால் எரிச்சல். ஒன்றுக்குப் போனால் கடுப்பு. அக்காவிடம் சொன்னாள். சூடு என்றாள் அக்கா. மருந்துக்கடைக்காரர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை, சூடுதான் என்று ஒரு பொடியை எடுத்துக் கொடுத்தார். நீர்க்கடுப்புக்கு மாத்திரை எழுதிய டாக்டரும் உடம்பு சூடு, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்றார்.

கோவில்பட்டியில் ஒரு பெண்ணுக்கு என்ன வந்தாலும் சூடுதான். கோபம் வந்தால் அதுவும் சூடு.

தணிக்கத்தான் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகினாள். செவ்வாயும் வெள்ளியும் போதவில்லை. ஞாயிறும் சேர்ந்தது. பிறகு புதனும். அந்த இடத்தை வாசனை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். எரிச்சல் கூடியது. கூடியதால் இன்னும் தேய்த்தாள்.

இடையில் ஓர் இரவு.

உயிர் போகிற வலி. பல்லைக் கடித்துப் பார்த்தாள். முடியாமல் அவரைத் தள்ளிவிட்டாள்.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அந்த இடத்துக்கு அந்த வீட்டில் பேரே கிடையாது.

விடிந்ததும் எண்ணெய் தேய்த்துக்கொண்டாள்.

அன்றைக்கு அவர் தலையணையோடு ஹாலுக்குப் போனார். அதில் புதுமை ஒன்றுமில்லை. எண்ணெய்க் குளியல் நாளில் கணவனும் மனைவியும் தள்ளிப் படுக்க வேண்டும். கல்யாணமான புதிதில் மாமியார் சாடையாகச் சொல்லிக்கொடுத்த சட்டம் அது. பெண்ணுக்குச் செவ்வாயும் வெள்ளியும், ஆணுக்குச் சனிக்கிழமை. மற்ற நாட்களில் தலையணை தானாகத் திரும்பி வந்துவிடும்.

அந்தத் தடவை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவர் எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்தார். நாள் தவறாமல். அவள் கேட்காமலே.

தலைமேல் மட்டும் இத்தனை அக்கறை, ஆள்தான் வேண்டாம். அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஐம்பது தாண்டியவளைப் பார்த்தால் சலிப்புத்தானே வரும் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வெந்தயத்தை மென்று விழுங்கினாள்.

கடைசியில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினாள். திருநெல்வேலியில் ஒரு லேடி டாக்டர். அந்த அம்மாள் சோதித்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

சூடெல்லாம் இல்லை. வறட்சி.

மாதவிலக்கு நின்றால் ஹார்மோன் குறைகிறது. உள்தோல் மெலிந்து உலர்ந்துபோகிறது. அதுதான் எரிச்சல், அதுதான் வலி. விட்டால் தானாகச் சரியாகாது. மருந்து போட்டால் கேட்கும். சோப்பை நிறுத்தச் சொன்னார். உள்ளே வைக்க ஒரு களிம்பு எழுதினார், முதலில் தினமும், பிறகு வாரத்துக்கு இரண்டு நாள். கணவன் மனைவி சேரும்போது தடவிக்கொள்ளத் தனியாக ஒரு ஜெல்.

இவ்வளவுதான்.

இவ்வளவுதானா என்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.

களிம்பு கேட்டது. ஒரே நாளில் இல்லை, மெல்ல மெல்ல. இப்போது ஸ்கூட்டியில் சந்தை வரைக்கும் போய்வருகிறாள்.

ஹாலில் தலையணை அப்படியே கிடக்கிறது.

எண்ணெய் வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல வாய் வராமல் இத்தனை நாளும் வாங்கித் தேய்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இன்று கை நீளவில்லை.

“வேணாம். எனக்குச் சூடே கெடையாதாம். டாக்டர் பாத்துச் சொல்லிட்டாங்க. அந்த எடம் காஞ்சு போயிருந்துச்சு, அதான் அன்னைக்கு அப்படி வலிச்சுது. மருந்து போட்டேன், சரியாயிருச்சு. இனிமே எனக்கு எண்ணெய் காச்ச வேணாம்.”

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். காது இரண்டும் கொதித்தன.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“சூட்டுக்கா தேச்ச?”

“பெறகு எதுக்காம்?”

“நான் பக்கத்துல வரக்கூடாதுன்னு நீ தேய்க்கேன்னுல்ல நெனச்சேன். அதை நீ வாயத் தொறந்து சொல்ல வேண்டாமேன்னுதான் நானே காச்சிக் குடுத்தேன்.”

கிண்ணத்தை அவர் தலையிலேயே கவிழ்க்கலாமா என்று வந்தது அவளுக்கு. இரண்டு வருஷம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இந்த மனுஷன். ஒரு வார்த்தை இவளும் சொல்லியிருக்கலாம். கோபம் அவர்மேலா, தன்மேலா, வாய்க்கு வாய் சூடு என்று சொன்ன ஊரின்மேலா என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

கிண்ணத்தை வெடுக்கென்று வாங்கினாள்.

நல்ல எண்ணெய். கொட்ட மனம் வரவில்லை. இட்லிப் பொடியில் ஊற்றிக் குழைத்தாள். தட்டை அவர் முன்னால் வைத்தாள், சத்தம் வரும்படியாகவே.

அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். இட்லியைத் தொட்டுத் தொட்டுப் பொடியை முழுதும் வழித்தார்.

“நாளைக்குச் சனிக்கிழமை” என்றாள்.

“ம்.”

“நீங்க எண்ணெய் வைக்காதீங்க.”