சிவதேரியத்தின் பல்

காலையில் சாமியறைக்குள் எட்டிப் பார்த்த சிவபாதசுந்தரம் மாஸ்டர், அப்படியே தலையில் கைவைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

முருகன் படத்துக்கு முன்னால், வெள்ளித் தட்டில், பல் இருந்தது.

பாலில் குளித்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, செவ்வரத்தம் பூவும் சூடி இருந்தது.

அது காலேஜின் வெள்ளைக்காரப் பிரின்சிபல் துரையின் பல். துரையின் வாயில் இருந்ததல்ல. இமயமலை அடிவாரத்தில் மண்ணைக் கிண்டி அவரே எடுத்தது. யாரையும் தொடக்கூட விடமாட்டார். வகுப்புப் பையன்களுக்குக் காட்டிவிட்டு இன்று காலை திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்து மாஸ்டர் நேற்று வாங்கி வந்திருந்தார்.

எல்லாம் தன் வாயால் வந்த வினை. நேற்று இராச்சாப்பாட்டு நேரம் சும்மா இருந்திருக்கலாம். பூண்டோடு அழிந்துபோன மிருகம், ஒட்டகச்சிவிங்கிக்குச் சொந்தம், நாலு கொம்பு, மாட்டைப் போலக் குளம்பு, வெள்ளைக்காரன் சிவதேரியம் என்று சிவபெருமானின் பெயரை வைத்திருக்கிறான், பத்து லட்சம் வருஷம் மண்ணுக்குள் கிடந்து இப்போது திரும்பி வந்திருக்கிறது என்று மனைவி பத்மாவதிக்கு ஒரு பிரசங்கமே செய்துவிட்டார்.

அதன் பலன், அவர் எழும்புவதற்குள் வெள்ளவத்தையில் பாதிப்பேர் வந்து கும்பிட்டாயிற்று. பக்கத்து வீட்டு மயிலம்மா தேங்காயும் உடைத்துவிட்டுப் போயிருந்தாள்.

காலேஜுக்குப் போகக் கொழும்புக் கோட்டை ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

"இஞ்சரப்பா, இது சாமியில்லை, மிருகத்தின்ரை பல்லு! சிவன்ரை பேர் வைச்சா எல்லாம் சிவனோ? என்ரை பேரிலையும்தான் சிவன் இருக்கு. என்னை ஆராவது கும்பிடுகினமோ?"

பத்மாவதி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டாள்.

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது. பூவைத் தட்டிவிட்டுப் பல்லில் கைவைத்தார்.

அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை அப்படித் தடுத்ததில்லை.

"நான் பேருக்காக வைக்கேல்லை. பத்து லட்சம் வருஷம் காணாமல் கிடந்தது திரும்பி வந்திருக்கெண்டு நீங்கள்தானே சொன்னியள். யப்பான்காரன் சிங்கப்பூரைப் பிடிச்சு ஒண்டரை வருஷம்தானே. அங்கை போன எங்கடை பிள்ளை வராமலோ போவான்?"

மாஸ்டர் கையை எடுத்துக்கொண்டார். பிள்ளை இனி வரமாட்டான் என்று எப்போதோ மனதுக்குள் முடிவுகட்டிவிட்டு, அதை அவளிடம் சொல்லாமல் திரிந்தவர் அவர்.

கீழே விழுந்த பூவை எடுத்துப் பல்லின் மேல் வைத்தார்.

பல்லை வைத்துக் கொண்டுவந்த தகரப்பெட்டியை வெறுமையாகவே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசல் படலையைத் திறந்தார். துரையிடம் சொல்ல ஒரு பொய்கூட அவருக்கு அகப்படவில்லை.