பெயரில்லாத தாள்

"முதல் தாளே மாரடைப்புன்னு காட்டுது. மெஷின்லதான் கோளாறு," என்றார் ஈசிஜி எடுப்பவர். இருபது வருடமாக அவருக்கு அதே அறை, அதே வேலை.

மெஷின் பழுது பார்ப்பவன் தாளை வாங்கிப் பார்த்தான். "நிஜமாவே மாரடைப்பா இருந்தா?"

"மாரடைப்புன்னா மூணு மாடி ஏறி வர முடியுமா? இதை டாக்டர்கிட்ட காட்டினா சிரிப்பாருப்பா."

வெளியே எட்டுப் பேர் காத்திருந்தார்கள். மெஷினைத் தூக்கி வைத்ததில் அவருக்கு இடது கை மரத்திருந்தது. தேய்த்துக்கொண்டே நின்றார்.

பழுது பார்ப்பவன் சட்டையைக் கழற்றிக் கட்டிலில் படுத்தான். "எனக்கு எடுங்கண்ணே."

கோடுகள் ஒழுங்காக வந்தன. மறுபடி எடுத்தார். அதேதான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். மெஷின் குத்துக்கல்லாட்டம் இருக்கு. அந்த ஆளை உடனே பிடிங்கண்ணே, உயிர் போயிடும். பேரு என்ன?"

அவர் தாளைப் பார்த்தார். பெயருக்கான இடம் காலியாக இருந்தது. தினமும் காலையில் மெஷின் சரியா என்று பார்க்க, தன் நெஞ்சிலேயே ஒட்டி எடுக்கும் முதல் தாளில் அவர் பெயர் எழுதுவதில்லை.

பேனாவை எடுத்து எழுதினார். வயது ஐம்பத்திரண்டு.

"கொஞ்சம் எழுந்திரிப்பா," என்றார். "நான் படுக்கணும்."