முதலில் பேரு

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் காலை வெயில் ஈர மேசைகள் மேல் சாய்ந்து விழுகிறது. இரவு வேலை முடித்த நான் பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன். எதிரே எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருக்கும் பூவம்மா, அறுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற தாதி. முதுகலைப் பட்டத்துக்கு அவர் எழுதிய ஆய்வேடு ஒருமுறை திரும்பி வந்துவிட்டது. இரண்டாம் முறையும் தேறாவிட்டால் அவ்வளவுதான். நேற்று மாலை மின்னஞ்சலில் வந்த முடிவை இன்னும் திறக்கவில்லை. கைப்பேசியைப் பக்கத்திலிருக்கும் கணவரிடம் தள்ளுகிறார். தங்கராஜு கண்ணாடியை மாட்டி வாயைத் திறக்கிறார். "இருங்க. முதல்ல பேரு," என்று பூவம்மா தடுக்கிறார். "உன் போன்ல வேற எவளுக்கு வரும் லா?" "படிங்க. முப்பத்தாறு வருஷம் வார்டுல பேரு கேக்காம நான் ஒரு மாத்திரைகூட குடுத்ததில்ல." படிக்கிறார். "நம்பர்?" மாணவர் எண்ணின் ஒவ்வோர் இலக்கத்துக்கும் பூவம்மாவின் உதடு அசைகிறது. மின்விசிறி கடகடக்கிறது. மூன்றாம் பருவத்தோடு கல்லூரிப் படிப்பை விட்ட நான் ஏன் மெல்வதை நிறுத்தினேன் என்று தெரியவில்லை. "தேறிட்டே, பூவு. திருத்தம் எதுவும் வேணாமாம்."

பூவம்மா மேசைக்கடியில் செருப்பைக் கழற்றுகிறார்; பாதங்கள் குளிர்ந்த தரையில் விரிகின்றன. ஒரு நீண்ட மூச்சு. கைக்கடிகாரத்தைப் பார்த்து, இடம்பிடிக்க வைத்த டிஷ்யூ பாக்கெட்டின் மேல், வார்டில் மருந்து கொடுத்ததும் குறிப்பதுபோல நேரம் எழுதுகிறார்: 7.42. பக்கத்தில் கையெழுத்து. தங்கராஜு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். பேனா என் பக்கம் நீள்கிறது. "நீயும் போடு தம்பி. வார்டுல ரெண்டு பேரு பார்த்துக் கையெழுத்துப் போட்டாதான் செல்லும்." விரலில் இருந்த எண்ணெயைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போடுகிறேன்.