தேர் இழுக்கும் கூட்டம்

ப்ளூ-ரே டிஸ்கில் இருந்த பழைய சினிமாவை, ஃபைல் அளவைச் சுருக்கி, வீட்டு டிவியில் நாலாவது தடவையாக ஏற்றினார் சபேசன். மனைவி மரகதம் இந்தத் தடவையும் உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹீரோ மீசையில முடிய எண்ணலாம்போல இருக்கு. இன்னும் என்னடி குறை?"

"பின்னாடி பாருங்க."

பின்னால் தேர் இழுக்கும் கூட்டம், சுருக்கியதில் முகம் தெரியாமல் களிபோலக் குழைந்திருந்தது. வடம் பிடித்தவர்களில் ஒருவர், ஒரு போட்டோகூட இல்லாமல் போய்ச் சேர்ந்த அவள் அப்பா.

சபேசன் பல்லைக் கடித்துக்கொண்டு, எதையும் சுருக்காமல், அந்த மூலையை மட்டும் வெட்டித் திரை முழுக்க விரித்தார். மாமனார் வியர்க்க வியர்க்க வடம் இழுத்தார். ஹீரோவின் முழங்கை மட்டும் அடிக்கடி அவர் முகத்தை மறைத்தது.

இருபது வருஷமாக அதே படத்தைப் பார்க்கிறவள் எரிச்சலோடு கேட்டாள்: "யாருங்க அது, குறுக்க குறுக்க வர்றது?"