குலுங்கும் காரா, குலுங்காத காரா?

“உன் ஆளு வந்தாச்சு டெரல்! வாங்கவும் மாட்டார், விடவும் மாட்டார்!” என்று சிரித்தாள் மேனேஜர் கார்லா.

பூட்ஸிலிருந்த பனியை உதறியபடி கார் ஷோரூமுக்குள் வந்தார் வெண்டல். மனைவி இறந்தபிறகு தனிக்கட்டை. குளிர்காலம் முழுக்க வியாழக்கிழமை தவறாமல் வந்து, அதே இரண்டு கார்களை மாறிமாறி ஓட்டிப் பார்த்து, விற்பனையாளன் டெரலோடு ஒரு காபி குடித்துவிட்டுப் போகிறார்.

“இன்னிக்கு அவர் கையெழுத்துப் போடணும்.” கார்லா குரலைத் தாழ்த்தினாள். “இல்லேன்னா இனிமே அவருக்குச் சாவி கிடையாது. புரியுதா?”

டெரல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சாவிகளை எடுத்துக்கொண்டான்.

முதலில் சாதா ஸ்பிரிங் வைத்த கார். பனி உருகும் மாதத்தில் குண்டும் குழியுமாகிவிடும் மிச்சிகன் மாநில ரோட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்! குழிக்குக் குழி இருவரும் எகிறி உட்கார்ந்தார்கள்.

“இடுப்பு போச்சுப்பா!” என்றார் வெண்டல். “ஆனா விலை கம்மி. இதையே எடுத்துக்கட்டுமா?”

“அவசரப்படாதீங்க சார். உங்க வயசுக்கு இந்தக் குலுக்கல் ஆகுமா?”

அடுத்தது, குழிக்குத் தக்கபடி தானே இளகி இறுகும் சஸ்பென்ஷன் வைத்த கார். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பொத்தானை அழுத்தி அதை மென்மைக்கு மாற்றினார் வெண்டல். அதே குழிகள்தான், கார் தொட்டில் மாதிரி போனது.

“அப்ப இதுதான். முடிவு பண்ணிடலாமா?”

“நல்லாத்தான் இருக்கும் சார். ஆனா வாரண்டி முடிஞ்சு இது கெட்டுப்போச்சுன்னா, மாத்துற செலவுக்குச் சொத்தை விக்கணும்!”

கார் விற்கிறவன் பேசுகிற பேச்சா இது? வெண்டல் வண்டியைத் திருப்பினார்.

ஷோரூம் வாசலில் கார்லா கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் டெரல் வெண்டல் பக்கம் திரும்பினான்.

“சார், நீங்க இன்னிக்கு வாங்கலேன்னா, இனிமே ஓட்டிப் பார்க்க விடமாட்டாங்க.”

“அப்ப வாங்கிட வேண்டியதுதானே?”

“வாங்கினாலும் வரமாட்டீங்களே! வாங்கினவங்க எல்லாரும் நேரா பின்பக்கம் சர்வீஸுக்குத்தான் போவாங்க. இந்த வாசல்ல அப்புறம் யாரும் ஏறினதில்ல.”

வெண்டல் இன்ஜினை அணைத்தார். டெரல் தன் கைகளையே பார்த்துக்கொண்டு பேசினான்.

“விவாகரத்து ஆனதுலேர்ந்து வீட்டுல டிவியோடதான் பேச்சு. வாரத்துல நான் வாய்விட்டுச் சிரிக்கிறது உங்களோட வர்ற இந்த ஒரு மணி நேரம்தான். நீங்க இதைக் கேட்டா அதைச் சொல்லி, அதைக் கேட்டா இதைச் சொல்லி, வேணும்னேதான் சார் உங்களைக் குழப்பிக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிடுங்க.”

வெண்டல் அவன் தோளில் கை வைத்தார்.

“இதே காரை நான் போன மாசமே வேற கடையில வாங்கிட்டேன்ப்பா. உன்கிட்ட வாங்கிட்டா, மறுபடி உன்னைப் பார்க்க வர எனக்கு என்ன சாக்கு இருக்கு?”