குதிரைப்படை ஆலோசகர்

"துரை, இதைப் போய் குதிரைன்னு ஏத்திகிட்டு வந்திருக்கியே! எங்க ரெஜிமென்ட்ல இதை லாயத்துப் பக்கம்கூட அண்ட விட மாட்டாங்க."

'எங்க ரெஜிமென்ட்' என்று ஆபேல் உரிமையோடு சொன்னது, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஸ்காட்லாந்துக் குதிரைப்படையை. ஆபேலுக்கு வீடு அஸ்தினாபுரம். உத்தியோகம் போஸ்ட் மாஸ்டர், ரிட்டயர்டு. ஐரோப்பாவில் எந்தப் படைக்கு எந்த நிறக் குதிரை, எந்த ஜாதிக் குதிரை என்று முப்பது வருஷமாகப் படித்துவிட்டு, கேட்க ஆளில்லாமல் தவித்தவர். அவர் 'குதிரை' என்று வாயைத் திறந்தாலே மனைவி ஞானசௌந்தரி மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

அப்பேர்ப்பட்டவரை, அந்த ஸ்காட்லாந்துப் படையை வைத்துக் கதை எடுக்கும் ஒரு வெப் சீரிஸ் கம்பெனி தேடிப் பிடித்து ஆலோசகர் ஆக்கியிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு பொட்டல் வெளியில் ஷூட்டிங். அவர் தேர்ந்தெடுக்கும் குதிரை டைரக்டருக்குப் பிடித்துவிட்டால், டைட்டிலில் 'குதிரைப்படை ஆலோசகர்: ஆபேல்' என்று வரும். பிடிக்காவிட்டால் குதிரையைக் கம்ப்யூட்டரிலேயே வரைந்துகொள்வார்கள். ஆபேலும் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

துரை, கோவளம் பீச்சில் குழந்தைகளைக் குதிரைமேல் ஏற்றி ரவுண்டு அடிப்பவன். குட்டியானை வண்டியில் ஏற்றி வந்த குதிரை செம்பழுப்பு நிறத்தில் நின்றது.

"பிரவுன் கலருதான் வோணும்னு கம்பெனி மேனேஜரு ஃபோன்ல சொன்னாரு சார்."

"மேனேஜருக்கு என்னப்பா தெரியும்? இந்தப் படையில அத்தனையும் வெள்ளைக் குதிரை. இங்கிலீஷ்ல அதை 'கிரே'ன்னு சொல்வாங்க. பொறக்கும்போது கறுப்பா இருந்து, வயசாக வயசாக வெளுத்துடும். என் தலை மாதிரி."

"ரெண்டு மாசமா மழை சார். பீச்சுல ஒரு சவாரி கெடயாது. பேஜாரா கீது. கொஞ்சம் பாத்து ஓகே பண்ணுங்க சார்."

ஆபேல் ஆறடி தள்ளி நின்றபடியே குதிரையைச் சுற்றி வந்தார். குதிரையைப் பற்றி எல்லாம் தெரியும், கிட்டே போக மட்டும் தெரியாது என்று அவரே சொல்லிச் சிரிப்பது வழக்கம்.

"மார்பு குறுகல். கால்ல வலு இல்ல. கண்ணைப் பாரு, மத்தியானம் சாப்பிட்டுட்டு கவுன்ட்டர்ல உக்காந்த என்னை மாதிரியே தூங்கி வழியுது. யாரை வேணா ஏமாத்து துரை, என் கண்ணை ஏமாத்த முடியாது. நாளைக்குக் காலையில எனக்கு இங்க வெள்ளைக் குதிரை நிக்கணும்."

துரை அசடு வழியத் தலையைச் சொறிந்தான். "சரி சார். தப்புதான். நாளிக்கு வெள்ளையா நிக்கும்."

சொன்னபடி மறுநாள் காலையில் நின்றது. பால் வெள்ளை. முப்பது வருஷமாகப் புத்தகத்தில் மட்டுமே பார்த்த குதிரை கண்ணெதிரே வாலை ஆட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்து ஆபேல் ஆறடித் தூரத்தை நாலடியாகக் குறைத்துக்கொண்டார்.

டைரக்டர் ஷ்யாம்சுந்தர் வந்தார். சந்தேகமாகப் பார்த்தார். "எனக்கு எல்லாக் குதிரையும் ஒண்ணு மாதிரிதான் சார் தெரியுது. இதுல அப்படி என்ன விசேஷம்?"

முப்பது வருஷத்தில் முதல் முறையாக ஒருவர் அவரைக் கேள்வி கேட்டிருக்கிறார். ஆபேல் விடுவாரா?

"நேத்து ஒண்ணு வந்துச்சு சார். அதைக் குதிரைன்னா கழுதை கோவிச்சுக்கும். இதைப் பாருங்க. மார்பு என்ன அகலம்! கால்ல என்ன உறுதி! கண்ணுல போர்க்களமே தெரியுது. இதெல்லாம் பரம்பரை சார், ரத்தத்துல வரணும். நூறு குதிரைக்கு நடுவுல விட்டாலும் இதை நான் தனியா அடையாளம் காட்டிடுவேன்."

டைரக்டர் அசந்துபோய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். உதவி டைரக்டர் சரிதாவிடம் திரும்பி, "சார் பேரைத் தனி கார்டுல போடு. பெருசா!" என்று சொல்லிவிட்டுக் கேமரா பக்கம் போனார்.

ஆபேலுக்குத் தலைகால் புரியவில்லை. ஞானசௌந்தரிக்குச் சொல்ல ஃபோனை எடுத்தார். அதற்குள் துரை ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டான்.

"உங்கள மறக்கவே மாட்டேன் சார். பிரவுன் கேட்டாங்களேன்னு நேத்து இதுமேலயே காவிப் பொடிய கரைச்சுப் பூசி இட்டாந்தேன். எம் பொண்டாட்டிக்கே அடையாளம் தெரியல. நீங்க பாத்தவொடனே கண்டுபுட்ச்சிட்டீங்க. கழுவி இட்டாந்ததும், டைரக்டரு முன்னாடி அது வேற இது வேறன்னு இன்னா ஆக்டிங் சார்! எங்கிட்ட கீறதே இந்த ஒரு குதிரைதான்னு காட்டியே குடுக்கலியே!"

இதே ஸ்காட்லாந்துப் படை 1914-இல் போருக்குப் போனபோது, எதிரியின் கண்ணுக்குத் தப்ப வெள்ளைக் குதிரைகளுக்கெல்லாம் பழுப்புச் சாயம் பூசியது. அதைப் பற்றி ஆபேல் நாற்பது பக்கத்தில் கட்டுரையே எழுதி வைத்திருக்கிறார்.

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு சரிதாவைத் தேடிப் போனார். "அந்த கார்டுல என் பேரைக் கொஞ்சம் சின்னதாவே போடும்மா. படிக்க முடியலைன்னாலும் பரவாயில்ல."